இரண்டே வருடத்தில் எழுந்த கோட்டை எப்படி விழுந்தது? ஷாத்தோ கையார்: ஒரு பாடம்



கோட்டை, அகழி, மதில்னு ஆரம்பிச்சதும் "இது சிவில் பசங்களுக்கான கட்டுரை"ன்னு மத்த டிபார்ட்மென்ட் ஆட்கள் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். இந்தக் கோட்டையின் கதையில் மெக்கானிக்கலுக்கும் வேலை இருக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் வேலை இருக்கு. ஒரு நல்ல டிசைன் எந்த இடத்தில் தோற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. அது எல்லாருக்கும் பொதுவான சிலபஸ்தானே!

பாரிஸிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், நார்மண்டி பகுதியில், செய்ன் நதிக்கரையில் லே ஸாந்தெலி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நதி அங்கே பெரிதாக வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கு மேலே, சுமார் 90 மீட்டர் உயரத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு சுண்ணக்கல் குன்று. அதன் உச்சியில் இடிந்த நிலையில் நிற்பதுதான் ஷாத்தோ கையார். பிரெஞ்சு மொழியில் ஷாத்தோ என்றால் கோட்டை.

ஏன் அந்த இடம்?

12-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராஜாவே நார்மண்டிக்கும் பிரபுவாக இருந்தார். அதாவது, இன்றைய பிரான்ஸின் வடக்கில் ஒரு பகுதி பிரெஞ்சு ராஜாவின் நேரடிப் பிடியில் இல்லை. பிரெஞ்சு ராஜா இரண்டாம் ஃபிலிப்புக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்ட், 'சிங்கநெஞ்சன்' என்று பேர் வாங்கியவர், சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் வியன்னாவுக்குப் பக்கத்தில் பிடிபட்டார். பெரும் தொகை கொடுத்து 1194-ல்தான் அவரை மீட்டார்கள். அவர் சிறையில் இருந்த சமயம் பார்த்து, 1193-ல் எல்லையில் இருந்த ழிஸோர் கோட்டையை ஃபிலிப் எடுத்துக்கொண்டார். நார்மண்டியின் தலைநகர் ரூவான், அதே செய்ன் நதியில் கீழே இருக்கிறது. ழிஸோர் போனதால், பாரிஸிலிருந்து ரூவானுக்குப் போகும் வழி கிட்டத்தட்ட திறந்துவிட்ட கதவு ஆகிவிட்டது.

அந்தக் கதவுக்குப் பூட்டு போட ரிச்சர்ட் தேர்ந்தெடுத்த இடம்தான் இந்தக் குன்று. ஆனால் அதில் இரண்டு சிக்கல் இருந்தது. ஒன்று, அந்த இடத்தில் கோட்டை கட்டக்கூடாது என்று 1196 ஜனவரியில் இரண்டு ராஜாக்களும் ஒப்பந்தமே போட்டிருந்தார்கள். இன்னொன்று, நிலம் ரூவான் பேராயருக்குச் சொந்தம். ரிச்சர்ட் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை, வேலையை ஆரம்பித்துவிட்டார். கோபமடைந்த பேராயர் நார்மண்டி முழுக்கத் தேவாலயச் சடங்குகளை நிறுத்திவைத்தார். இறந்தவர்களின் உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் கிடந்ததாக அந்தக் கால வரலாற்றாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். 1197-ல்தான் சமாதானம் ஆனது. அந்த ஓர் இடத்துக்காக, தியெப் துறைமுகம் உட்படப் பல சொத்துகளைப் பேராயருக்கு மாற்றாகக் கொடுத்தார் ரிச்சர்ட். சைட் செலக்ஷனுக்கு இவ்வளவு விலையா என்று கேட்டால், ஆமாம், அவ்வளவு விலைதான்.

இரண்டு வருட புராஜெக்ட்

அந்தக் காலத்தில் இப்படி ஒரு கல்கோட்டை கட்டி முடிக்க ஏறக்குறைய பத்து வருடம் ஆகும். இது 1196-ல் தொடங்கி 1198-க்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. கிரேன் டிரக் கிடையாது, சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்புக் காரைதான்.

எப்படி முடிந்தது? காசும் ஆட்களும். நார்மண்டி அரசின் கணக்குச் சுருள்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றின்படி 1196 முதல் 1198 வரை இங்கே ஆன செலவு சுமார் 12,000 பவுண்டு. தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்தில் உள்ள எல்லாக் கோட்டைகளுக்கும் சேர்த்து ரிச்சர்ட் செலவழித்ததே சுமார் 7,000 பவுண்டுதான். ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தக் கணக்கில் யாருக்கெல்லாம் கூலி போயிருக்கிறது? கல்வெட்டுக்குழியில் கல் உடைப்பவர்கள், கல் செதுக்குபவர்கள், கொத்தனார்கள், சுண்ணாம்பு சுடுபவர்கள், தச்சர்கள், கொல்லர்கள், சித்தாள்கள், தண்ணீர் சுமப்பவர்கள், பாறையில் அகழி வெட்டுபவர்கள், வண்டிக்காரர்கள், இவர்களைக் காவல் காக்கும் வீரர்கள். ஒரு கட்டுமான சைட்டின் முழு ஆள்கணக்கு! ஆனால் ஒருவர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை: தலைமைக் கொத்தனார், அதாவது நம்ம பாஷையில் சீஃப் இன்ஜினியர். அதனால், டிசைன் பண்ணதே ரிச்சர்டாக இருக்கலாம் என்று ஆலன் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் கருதுகிறார்.

டிசைன்: அடுக்கு அடுக்காக

குன்றின் மூன்று பக்கமும் சரிவு. தென்கிழக்கில் மட்டும் ஒரு குறுகலான நிலப்பகுதி குன்றைப் பின்னாலிருக்கும் மேட்டுநிலத்தோடு இணைக்கிறது. எதிரி படையோடு வரணும்னா அந்த ஒரு வழிதான். அதனால் மொத்தக் கோட்டையும் அந்தத் திசையைப் பார்த்து நீளவாக்கில் அமைந்தது.

முதல் அடுக்கு, வெளிக்கோட்டை. முக்கோணம் போன்ற வடிவம். அதன் கூர்முனை எதிரி வரும் வழியை நோக்கி இருக்கும். முனையில் ஒரு பெரிய வட்டக் கோபுரம். இது தனித் தீவு மாதிரி. இதற்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் பாறையில் வெட்டிய ஆழமான அகழி, அதன்மேல் பாலம். வெளிக்கோட்டையைப் பிடித்தாலும் எதிரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

இரண்டாவது அடுக்கு, நடுக்கோட்டை. பரந்த முற்றம், சுற்றிலும் மதில், கோபுரங்கள்.

மூன்றாவது அடுக்கு, உள்கோட்டை. இதுக்கும் தனியா ஓர் அகழி. இதன் மதில்தான் பார்ப்பவர்களை நிறுத்திவைக்கும். நேர்ச் சுவரே கிடையாது. அரைவட்டங்களை வரிசையாக ஒட்டவைத்தது போல அலை அலையாக வளைந்து போகும். ஏன் இப்படி? கவணிலிருந்து வரும் கல், தட்டையான பரப்பில் செங்குத்தாக மோதினால் முழு வேகமும் சுவருக்குள் இறங்கும். வளைந்த பரப்பில் பெரும்பாலும் சாய்வாகத்தான் படும், வேகத்தில் ஒரு பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடும். அதோடு, வளைவுகளில் வைத்த அம்புத் துளைகளிலிருந்து பல திசைகளில் எய்யலாம். சுவரடியில் எதிரி ஒளிய இடம் குறையும். சதுர மூலைகளில் கடப்பாரையால் மூலைக்கல்லைப் பெயர்த்தால் சுவரே பலவீனமாகும். இங்கே மூலையே இல்லை.

இதற்குள்ளே நடுக்கோபுரம். உள்ளே வட்டம், சுமார் 8 மீட்டர் விட்டம். வெளியே எதிரி வரும் திசையில் கப்பலின் முன்பகுதி மாதிரி கூராக நீட்டி, சுவரை இன்னும் தடியாக்கியிருக்கிறார்கள். அடிப்பகுதி சாய்வாக விரிந்திருக்கும். மேலிருந்து போடும் கல் அந்தச் சாய்வில் பட்டு எதிரி பக்கம் தெறிக்கும். சுவரை ஒட்டித் தலைகீழ் முக்கோணம் போல, மேலே போகப்போக அகலமாகும் முட்டுகள் இருக்கின்றன. கோபுரத்தின் உச்சி இன்று இல்லை. ஆனால் இந்த முட்டுகளின் மேல் நீட்டிக்கொண்டிருந்த மேடையில் இடைவெளி விட்டு, அதன் வழியே நேராகக் கீழே கல் போட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மேற்கு ஐரோப்பாவில் இந்த அமைப்புக்கு இது ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று.

இதெல்லாம் மேலே. கீழே நதியில் ஒரு தீவு அரண், கரையில் புதிதாக உருவாக்கிய பெத்தி ஆந்தெலி என்ற ஊர், நதிக்குக் குறுக்கே மரக்கம்பத் தடுப்பு. குன்று, ஊர், தீவு, நதி எல்லாம் சேர்ந்து ஒரே சிஸ்டம்.

ரிச்சர்ட் இதை ரொம்ப நாள் அனுபவிக்கவில்லை. 1199 ஏப்ரல் 6-ம் தேதி, தெற்கே ஷாலு என்ற இடத்தில் அம்புக் காயத்தால் இறந்தார். ராஜ்யம் தம்பி ஜானிடம் வந்தது.

முற்றுகை: 1203 – 1204

1203 ஆகஸ்டு கடைசிவாக்கில் ஃபிலிப் வந்துவிட்டார். கோட்டைக்குள் தளபதி ரோஜர் டி லேஸி. சாப்பாட்டுக் கையிருப்பு நன்றாகவே இருந்தது. கோட்டையின் வேலை ஜெயிப்பது இல்லை, வெளியே இருந்து உதவிப்படை வரும்வரை தாக்குப்பிடிப்பது. அதாவது நேரம் வாங்கித் தருவது.

உதவிப்படையும் வந்தது. திட்டம் என்னன்னா, ராத்திரியில் வில்லியம் மார்ஷல் தலைமையில் தரைப்படை ஃபிலிப்பின் முகாமைத் தாக்கும். அதே நேரத்தில் நதி வழியாகப் படகுகள் உணவோடு வந்து, ஃபிலிப் கட்டிய படகுப் பாலத்தை உடைக்கும். பேப்பரில் அழகான திட்டம். ஆனால் படகுகள் நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டு வரவேண்டியிருந்தது. அதற்கு ஆகும் நேரத்தைச் சரியாகக் கணக்குப் போடவில்லை. தரைப்படை தனியாகத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. அதற்குப் பிறகுதான் படகுகள் தனியாக வந்து சேர்ந்தன. அவையும் தோற்றன. ரெண்டும் ஒன்றாக வந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கலாம்.

பிறகு தீவும் விழுந்தது. கோபேர் என்ற பிரெஞ்சு வீரர், நெருப்புத் தணல் அடைத்த மூடிய பானைகளோடு நதியில் நீந்திப்போய்த் தீவின் மரத் தடுப்புக்குத் தீ வைத்தார். பெத்தி ஆந்தெலி ஊர்மக்கள் உயிர் பிழைக்க மேலே கோட்டைக்குள் ஓடிவந்தார்கள்.

கணக்கில் வராத மனிதர்கள்

கோட்டைக்குள் வந்த ஊர்மக்கள் 1,400 முதல் 2,200 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். சேமித்த சாப்பாடு காவல்படைக்கு மட்டும் போதுமான அளவு. ஆள்கணக்கு ஒரேயடியாக ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

லேஸி ஒரு முடிவெடுத்தார். போரிட முடியாதவர்களில் 500 பேரை வெளியே அனுப்பினார். பிரெஞ்சு வீரர்கள் வழிவிட்டார்கள். சில நாள் கழித்து இன்னொரு 500 பேர். அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது ஃபிலிப் அங்கே இல்லை. விஷயம் தெரிந்ததும், இனி ஒருவரையும் விடக்கூடாது என்று உத்தரவு போட்டார். உள்ளே வாய்கள் அதிகம் இருந்தால்தானே கையிருப்பு சீக்கிரம் தீரும்!

மூன்றாவது முறை வெளியே வந்தவர்கள் குறைந்தது 400 பேர். பிரெஞ்சுத் தரப்பு அவர்கள்மேல் அம்பு எய்தது. திரும்பி ஓடினார்கள். கோட்டைக் கதவு மூடியிருந்தது. இரண்டு படைகளுக்கும் நடுவில், மதிலுக்கு அடியில், குளிர்காலம் முழுக்க மூன்று மாதம் அங்கேயே கிடந்தார்கள். பாதிக்கும் மேல் பசியிலும் குளிரிலும் செத்துப்போனார்கள். 1204 பிப்ரவரியில் திரும்பி வந்த ஃபிலிப்தான் மிச்சம் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பச் சொன்னார்.

இதை ஏன் ஒரு கட்டடக்கலைக் கட்டுரையில் சொல்லணும்? நதிக்கரையில் அந்த ஊரை உருவாக்கியதும் இதே புராஜெக்ட்தான். ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் மேலே ஓடிவருவார்கள் என்பது யூகிக்கக்கூடிய விஷயம். மதிலின் தடிமனுக்கு விடை இருந்தது, அந்த மக்கள் எங்கே போவார்கள் என்பதற்கு விடை இல்லை. அந்த விடுபட்ட கணக்கின் விலையைக் கொடுத்தது ராஜாக்கள் இல்லை.

மூன்று அடுக்கும் எப்படி விழுந்தன?

வெளிக்கோட்டை: எதிரி எதிர்பார்த்த வழியில்தான் வந்தான். அகழிக்குள் இறங்கினார்கள், ஏணி எட்டவில்லை. மென்மையான சுண்ணக்கல் பாறையில் கத்தியைக் குத்திப் பிடித்து ஏறிக் கோபுரத்தின் அடியைக் குடைந்தார்கள். இந்த முறை எளிமையானது: அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டத் தோண்ட மரத்தூண் முட்டுக் கொடுப்பார்கள். பிறகு மரத்துக்குத் தீ வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். முட்டு எரிந்ததும் மேலே இருக்கும் சுவர் தன் எடையாலேயே இடியும். முனைக் கோபுரம் அப்படித்தான் விழுந்தது.

நடுக்கோட்டை: இங்கே மதிலை யாரும் உடைக்கவே இல்லை. ரிச்சர்டுக்குப் பிறகு ஜான் இங்கே ஒரு கட்டடம் சேர்த்திருந்தார். அதில் ஒரு சிற்றாலயம், கழிவறைகள். மதிலை ஒட்டியே கட்டியதால் அதன் திறப்பு வெளிப்பக்கம் பார்த்தது. பிரெஞ்சு வீரர்கள் சிலர் அதன் வழியே உள்ளே புகுந்துவிட்டார்கள். கழிவறைத் துவாரம் என்று சில நூல்கள் சொல்கின்றன, ஜன்னல் என்று சில. எதுவானாலும், அது ஒரிஜினல் டிசைனில் இல்லாத ஓட்டை. உள்ளே வந்தவர்களைப் புகையால் விரட்ட காவல்படை அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. தீ பரவி, கடைசியில் காவல்படையே உள்கோட்டைக்கு ஓடவேண்டியதாயிற்று.

உள்கோட்டை: அந்த அலைமதில் என்ன ஆனது? அகழி வெட்டும்போது வாசலுக்குப் போக ஒரு பாலம் வேண்டும் என்று பாறையின் ஒரு பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். மரப்பாலமாக இருந்தால் ஆபத்தில் எரித்துவிடலாம், இழுத்துவிடலாம். பாறையை என்ன செய்வது? அந்தப் பாறைப் பாலமே எதிரிக்குக் கூரை ஆயிற்று. அதன் மறைவில் நின்று மதிலடியைத் தோண்டினார்கள். தடுப்பதற்காக உள்ளிருந்து காவல்படையும் எதிர்ச் சுரங்கம் தோண்டியது. இரண்டு பக்கமும் தோண்டியதில் அஸ்திவாரம் இன்னும் பலவீனமானது. பிறகு ஒரு பெரிய கவண்பொறி கல் எறிந்ததும் சுவர் பிளந்தது.

1204 மார்ச் 6. மிச்சம் இருந்த 20 குதிரைவீரர்களும் 120 வீரர்களும் பிடிபட்டார்கள். அவ்வளவு யோசித்துக் கட்டிய நடுக்கோபுரத்தில் கடைசிச் சண்டை நடக்கவே இல்லை. ஜூன் 24-ல் ரூவான் சரணடைந்தது. நார்மண்டி பிரெஞ்சு ராஜாவின் கைக்குப் போனது.

நமக்கு என்ன பாடம்?

ஒரு ஃபெயிலியர் ரிப்போர்ட் எழுதுவது மாதிரி வரிசையாகப் பாருங்கள். பின்னாளில் சேர்த்த கட்டடம் பழைய மதிலோடு சேரும் இடம். பாலம் வாசலோடு சேரும் இடம். தரைப்படையும் படகும் சேரவேண்டிய நேரம். கோட்டையும் ஊரும் சேரும் இடம். தனித்தனியாகப் பார்த்தால் மதில் நல்ல மதில், படகு நல்ல படகு. பிரச்சினை வந்தது பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்கிற இடத்தில்தான். முனைக் கோபுரம் மட்டும் நேரடித் தாக்குதலில் விழுந்தது. அதற்குத்தான் பின்னால் இன்னும் இரண்டு அடுக்கு வைத்திருந்தார்கள்.

ஸ்டீல் ஸ்ட்ரக்சரில் உறுப்பை விட ஜாயின்ட்டை ஏன் அவ்வளவு கவனமாக டிசைன் பண்ணச் சொல்கிறார்கள்? சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாட்யூலும் பாஸ் ஆன பிறகும் இன்டக்ரேஷன் டெஸ்ட் ஏன்? எல்லாம் இதே கதைதான். முடிந்த டிசைனில் "சின்னதா ஒண்ணு சேர்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், ஜானின் அந்தக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்

கோட்டையைச் சரிசெய்து பிரெஞ்சு ராஜாக்கள் பயன்படுத்தினார்கள். 1314-ல் பிரெஞ்சு அரச குடும்பத்து மருமகள்கள் மார்கரெட், பிளான்ஷ் இருவரையும் தகாத உறவுக் குற்றம் சாட்டி இங்கே சிறை வைத்தார்கள். மார்கரெட் 1315-ல் இங்கேயே இறந்தார். 1334 முதல் 1341 வரை ஸ்காட்லாந்தின் சிறுவயது ராஜா இரண்டாம் டேவிட் அகதியாக இங்கே தங்கியிருந்தார்.

நூறாண்டுப் போரில் கோட்டை பலமுறை கைமாறியது. 1419-ல் இங்கிலாந்துப் படை முற்றுகை போட்டது. மாதக்கணக்காகத் தாக்குப்பிடித்த கோட்டை டிசம்பரில் சரணடைந்தது. காரணம்? கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் இறைக்கிற கயிறுகள் தேய்ந்து அறுந்துவிட்டன, மாற்றுக் கயிறு இல்லை! ஸ்பேர் பார்ட்ஸ் பற்றி இதைவிட நல்ல உதாரணம் எந்த மெயின்டனன்ஸ் புத்தகத்திலும் கிடைக்காது.

1449-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடைசியாக மீட்டார்கள். 1599-ல் நான்காம் ஹென்றி மன்னர் இடிக்க உத்தரவு கொடுத்தார். யாராவது கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டால் வெளியேற்றுவது கஷ்டம் என்ற பயம்தான். கற்களில் ஒரு பகுதி துறவியர் மடங்களைப் பழுதுபார்க்கப் போயிற்று. 1862-ல் பிரான்ஸ் அரசு இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நடுக்கோபுரத்தின் ஒரு பகுதியும் அலைமதிலின் பெரும்பகுதியும் இன்றும் நிற்கின்றன. அந்த வளைவுகள், 800 வருடம் தாண்டியும் பார்க்கக் கிடைக்கின்றன.

கடைசியாக ஒரு சின்ன அசைன்மென்ட், மார்க் கிடையாது! உங்க மினி புராஜெக்ட்டையோ ஃபைனல் இயர் புராஜெக்ட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தெந்த இடத்தில் இரண்டு பேருடைய வேலை ஒன்றாகச் சேருகிறது என்று ஒரு பேப்பரில் குறியுங்கள். பிறகு, பயன்படுத்தப் போகிறவர்களில் யாரைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதற்குக் கீழே எழுதுங்கள். ரிவ்யூவுக்கு முன்னாடி முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பேப்பரைத்தான்.